உங்களுக்குத் தெரியுமா? பெல்ட்டைக் கழற்று, ஷூவைக் கழற்று!

ஏர்போர்ட் செக்யூரிட்டி வரிசையில் நின்றபடி ‘இதெல்லாம் எதுக்குப்பா?’ என்று முணுமுணுத்திருக்கிறீர்களா? கவலை வேண்டாம், உலகமே முணுமுணுக்கிறது! முணுமுணுப்பில் நியாயம் இருக்கிறதா என்று தேடப் போனோம். அடேயப்பா! கிடைத்ததைக் கொட்டுகிறோம், பொறுக்கிக்கொள்ளுங்கள்!

தீவிரவாதியைப் பிடிக்க எலி! சிரிக்காதீர்கள். பிரிட்டிஷ் உளவுத்துறையான எம்.ஐ.5, ஜெர்பில் என்ற பாலைவன எலிகளை விமான நிலையத்தில் வேலைக்கு வைக்கலாமா என்று 1970-களில் நிஜமாகவே ஆலோசித்தது!

செய்து பார்த்தது இஸ்ரேல். டெல் அவிவ் விமான நிலையத்தில் எலிக் கூண்டுகள். பயணிகள் மேல் பட்ட காற்றை ஃபேன் போட்டுக் கூண்டுப் பக்கம் தள்ளுவார்கள். பதற்றத்தில் வியர்த்தவனின் வாடை வந்தால் எலி ஒரு விசையை அழுத்த வேண்டும். கேட்கப் பிரமாதம்! ஆனால் குண்டு வைக்க வந்தவனுக்கும், ஃபிளைட் என்றாலே கைகால் உதறுகிற சாது மனிதருக்கும் எலிக்கு வித்தியாசம் தெரியவில்லை. திட்டத்துக்கு மூடுவிழா!

எலி போனது, மனிதர்கள் வந்தார்கள்! அமெரிக்க விமான நிலையங்களைக் காக்கும் டி.எஸ்.ஏ. அமைப்பு, முகத்தையும் நடையையும் பார்த்தே ஆளை எடைபோடும் அதிகாரிகளை 2007-ல் களமிறக்கியது. சுமார் 3,000 பேர்! பெரிதாகக் கொட்டாவி விட்டால் சந்தேகம். விசில் அடித்தால் சந்தேகம். தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருந்தாலும் சந்தேகம்!

பலன்? அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு ஆராய்ச்சிகளை எல்லாம் புரட்டிப் பார்த்து 2013-ல் போட்டு உடைத்தது. நடத்தையைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பதும் பூவா தலையா போடுவதும் ஏறக்குறைய ஒன்றுதான்! அதற்குள் கரைந்த பணம் 90 கோடி டாலர்!

தேனீயையும் விடவில்லை! அணுகுண்டு பிறந்த அதே லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் தேனீக்களுக்கு ட்ரெய்னிங். வெடிமருந்து வாடைக்கு நாக்கை நீட்டினால் சர்க்கரைத் தண்ணீர்! நன்றாகவே கற்றுக்கொண்டன. எலியைவிடக் கெட்டிக்காரத் தேனீ!

ஒரு காலத்தில் அமெரிக்காவில் டவுன் பஸ் ஏறுகிற மாதிரி விமானம் ஏறலாம். சோதனை கிடையாது, ஸ்கேனர் கிடையாது! 1968 முதல் 1972 வரை ஐந்தே ஆண்டுகளில் நடந்த கடத்தல்கள் 130-க்கும் மேல்!

பாதிக்குப் பாதி கடத்தல்காரர்கள் சொன்ன ஊர் கியூபா. அதனால் எங்கே போகிற விமானமாக இருந்தாலும் பைலட்டிடம் ஹவானா விமான நிலையத்தின் வரைபடம் இருக்கும்!

இதைவிடக் கூத்து ஒன்று. ஃபுளோரிடாவில் ஹவானா விமான நிலையம் மாதிரியே டூப்ளிகேட் ஒன்று கட்டிவிடலாம், கடத்தல்காரன் கியூபா வந்துவிட்டோம் என்று நம்பி இறங்கியதும் அமுக்கிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது! சினிமா செட் இல்லை சார், அரசாங்க யோசனை! செலவு கட்டுப்படியாகாது என்று கைவிட்டார்கள்.

எல்லாரையும் சோதனை போடலாமே என்றபோது முட்டுக்கட்டை போட்டது யார் தெரியுமா? விமான கம்பெனிகளேதான்! பயணிகள் கோபித்துக்கொண்டு காரில் போய்விடுவார்களாம்!

1971 நவம்பர் 24. டான் கூப்பர் என்ற பெயரில் டிக்கெட் வாங்கிய ஒருவர் போர்ட்லேண்டில் ஏறினார். பெட்டியில் குண்டு என்றார். 2 லட்சம் டாலரும் பாராசூட்டும் வாங்கிக்கொண்டு, பறக்கும் விமானத்தின் வால் பக்கப் படிக்கட்டைத் திறந்து இருட்டில் குதித்தார். அவ்வளவுதான், ஆள் போன இடம் தெரியாது! 1980-ல் கொலம்பியா ஆற்றங்கரையில் ஒரு சிறுவன் கையில் சிக்கியது அதில் 5,800 டாலர் மட்டும். மீதி? இன்றுவரை மர்மம்! 2016-ல் எஃப்.பி.ஐ. தேடுவதையே நிறுத்திவிட்டது.

அந்தப் படிக்கட்டைப் பறக்கும்போது திறக்க முடியாமல் தடுக்க, பிறகு ஒரு சின்னத் தகடு பொருத்தினார்கள். பெயர் ‘கூப்பர் வேன்’! திருடன் பெயரில் பாதுகாப்புக் கருவி!

1972 நவம்பரில் மூன்று பேர் ஒரு விமானத்தைக் கடத்தி, ஓக் ரிட்ஜ் அணு உலை மேல் மோதுவோம் என்று மிரட்டினார்கள். அப்போதுதான் அரசாங்கம் விழித்தது. 1973 ஜனவரி 5 முதல் எல்லாப் பயணிகளுக்கும் சோதனை! 130 கடத்தல் அசைக்காததை ஓர் அணு உலை அசைத்தது!

இப்போது 2001-க்கு வருவோம். செப்டம்பர் 11 கடத்தல்காரர்கள் 19 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேரை, அன்று காலையே கம்ப்யூட்டர் ‘கவனிக்கவும்’ என்று குறித்துக் காட்டியது! குறித்த பிறகு என்ன செய்தார்கள்? அவர்கள் விமானம் ஏறும்வரை பெட்டிகளை மட்டும் ஏற்றாமல் வைத்திருந்தார்கள். ஆள் ஏறியதும் பெட்டியும் ஏறியது!

4 அங்குலத்துக்குக் குறைவான கத்தி அன்றைக்கு அனுமதிக்கப்பட்ட பொருள். ஆமாம், சட்டப்படி!

ஷூ கதைக்கு வாருங்கள். 2001 டிசம்பர் 22, பாரிஸிலிருந்து மயாமி போன விமானம். ரிச்சர்ட் ரீட் ஷூவில் குண்டோடு உட்கார்ந்து தீக்குச்சி கிழித்தார். பற்றவில்லை! பயணிகள் பாய்ந்து பிடித்து பெல்ட்டால் கட்டிப் போட்டார்கள். விமானத்தில் இருந்த டாக்டர்கள் மயக்க ஊசி போட்டார்கள்!

இதே ஆள் முதல் நாளும் அதே விமான நிலையத்துக்கு வந்திருந்தார். சந்தேகப்பட்டு நிறுத்தினார்கள், துருவித் துருவி விசாரித்தார்கள், ஃபிளைட்டைத் தவறவிட வைத்தார்கள். மறுநாள் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்!

எல்லாரும் கட்டாயம் ஷூவைக் கழற்ற வேண்டும் என்ற அமெரிக்க விதி வந்தது 2006-ல். போனது 2025 ஜூலையில். ஒரே ஒரு ஷூவுக்காகக் கோடானுகோடி பேர் 19 வருஷம் சாக்ஸோடு நடந்தார்கள்!

நடுவில் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் 75 தாண்டிய பெரியவர்களுக்கும் விலக்கு. பேரன் ஷூ தப்பித்தது, தாத்தா ஷூ தப்பித்தது, அப்பா ஷூ மட்டும் டிரேயில்!

2009 கிறிஸ்துமஸ் அன்று டெட்ராய்ட் விமானத்தில் சிக்கிய இளைஞர் குண்டை வைத்திருந்தது உள்ளாடையில்! (ஷூவுக்குச் செய்ததை இதற்கும் செய்வார்களோ என்று அமெரிக்கா முழுக்கக் கேலி பறந்தது.) கேலியை விடுங்கள், அதிர்ச்சி இதுதான். ‘என் மகன் தீவிரவாதிகளோடு சேர்ந்துவிட்டான்’ என்று பெற்ற அப்பாவே நைஜீரியாவில் உள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கு நேரில் போய்ச் சொல்லியிருந்தார். ஒரு மாதம் முன்பே! மகன் பெயர் விமானத் தடைப் பட்டியலில் ஏறவில்லை. மகன் விமானத்தில் ஏறிவிட்டார்!

உடனே வந்தன உடம்பை ஊடுருவிப் பார்க்கும் ஸ்கேனர்கள். துணிக்கு அடியில் இருப்பதெல்லாம் திரையில்! ‘ஸ்கேனர் வேண்டும், ஸ்கேனர் வேண்டும்’ என்று டி.வி.யில் பேசிய முன்னாள் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் மைக்கேல் செர்டாஃபின் ஆலோசனை நிறுவனத்துக்கு, ஸ்கேனர் தயாரிக்கும் கம்பெனியே வாடிக்கையாளர்!

ஊர் கூடித் திட்டியதில், நிர்வாணப் படம் காட்டிய அந்த ரக மெஷின்கள் சுமார் 250 மூட்டை கட்டப்பட்டன. 2013-ல் மெஷின் மாயம்!

அந்த ஸ்கேனர் கண்ணிலிருந்து ‘மித்பஸ்டர்ஸ்’ டி.வி. நிகழ்ச்சிப் புகழ் ஆடம் சாவேஜ் தப்பினார். அவர் கோட்டில் மறந்துபோய் வைத்திருந்தவை 12 அங்குல நீள பிளேடுகள். ஒன்றல்ல, இரண்டு! படம் எடுத்தார்கள், பிளேடு மட்டும் அகப்படவில்லை. அவரே மேடையில் சொல்லிச் சிரித்தார்!

இதைவிடப் பெரிய சிரிப்பு 2015-ல். அமெரிக்க அரசே மாறுவேடத்தில் ஆட்களை அனுப்பி, போலிக் குண்டு, ஆயுதங்களோடு 70 முறை சோதித்தது. எத்தனை முறை கோட்டை விட்டார்கள்? மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்... 67 முறை! டி.எஸ்.ஏ.வின் பொறுப்புத் தலைவர் பதவியிலிருந்து தூக்கியடிக்கப்பட்டார்!

வாடை பிடிக்கும் ‘பஃபர்’ மெஷின் தெரியுமா? உள்ளே போய் நின்றால் புஸ்ஸென்று காற்றடித்து வெடிமருந்துத் துகளைத் தேடும். சுமார் 3 கோடி டாலர் கொடுத்து 200-க்கும் மேல் வாங்கினார்கள். விமான நிலையத் தூசியும் ஈரப்பதமும் தாங்காமல் படுத்துவிட்டன. பாதிக்கு மேல் கோடவுனை விட்டு வெளியே வரவேயில்லை!

இடது வரிசையா, வலது வரிசையா என்று அம்புக்குறி காட்ட ஐபேடில் ஓர் ஆப். தட்டினால் இடது, தட்டினால் வலது. அவ்வளவுதான்! ஆப் செய்ய ஆன செலவு 47,400 டாலர்!

உலகத்தையே முட்டாளாக்கிய ஒரு மனிதர் உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் மெக்கார்மிக். கோல்ஃப் பந்து தேடித் தருவதாக அமெரிக்காவில் விற்ற ஒரு விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். விலை 20 டாலர்கூட இல்லை. அதே மாதிரி ஒன்றைச் செய்து ‘குண்டு கண்டுபிடிக்கும் கருவி’ என்று பெயர் வைத்தார். ஒரு பிளாஸ்டிக் கைப்பிடி. அதில் ஆடுகிற ஓர் ஆன்டெனா. பேட்டரி? கிடையாது! பிடித்திருப்பவர் உடம்பிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளுமாம்! ஈராக் மட்டும் கொடுத்த பணம் 8 கோடி டாலருக்கு மேல்!

2013-ல் லண்டன் கோர்ட் அவருக்கு 10 வருஷம் தீட்டியது. ஈராக் சோதனைச் சாவடிகளில் அந்தக் கருவி எப்போது நின்றது? 2016 ஜூலையில், பாக்தாத்தில் நூற்றுக்கணக்கானோரைக் கொன்ற லாரி குண்டுக்குப் பிறகு! மோசடி என்று நிரூபணமாகி மூன்று வருஷம் வீரர்கள் அந்தக் குச்சியை ஆட்டிக்கொண்டு நின்றார்கள்.

இதே பாணிக் கருவியைச் சொந்தமாகத் தயாரித்துப் பயன்படுத்தியது பாகிஸ்தானின் விமான நிலையப் பாதுகாப்புப் படை!

பாதுகாப்புப் படையே பயணி பையில் வெடிமருந்து வைத்த கதை கேட்டிருக்கிறீர்களா? 2004 டிசம்பர், பாரிஸ். மோப்ப நாய்க்கு ட்ரெய்னிங் கொடுக்க, யாரோ ஒரு பயணியின் பையில் சுமார் 150 கிராம் பிளாஸ்டிக் வெடிமருந்தைச் செருகினார்கள். நாய் கோட்டை விட்டது. போலீஸ் கண் வேறு பக்கம் திரும்பியது. பை பெல்ட்டில் ஏறிப் போயே போய்விட்டது! எந்த ஊர், எந்த விமானம்? யாருக்கும் தெரியவில்லை!

பாடம் படித்தார்களா? 2010 ஜனவரியில் ஸ்லோவாக்கியா அதையே செய்தது! போப்ராட் விமான நிலையத்தில் ஒருவர் பையில் சுமார் 90 கிராம் ஆர்.டி.எக்ஸ். வைத்தார்கள், எடுக்க மறந்தார்கள். அவர் நிம்மதியாக டப்ளின் போய்ச் சேர்ந்து வீட்டில் இருந்தார். மூன்று நாள் கழித்து அயர்லாந்துக்குத் தகவல். தெருவை அடைத்து ராணுவம் வந்து நின்றது! கைதானது யார்? பையைச் சுமந்த அப்பாவி! சில மணி நேரத்தில் விட்டுவிட்டார்கள், போங்கள்.

மெஷின் பிடிக்காததைக் கேள்வி பிடித்த கதையும் உண்டு. 1986 ஏப்ரல் 17, லண்டன் ஹீத்ரோ. ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் பை எக்ஸ்ரேயைத் தாண்டிவிட்டது. இஸ்ரேலின் எல் அல் ஊழியர் நிறுத்தி நாலு கேள்வி கேட்டார். யார் கட்டிக் கொடுத்த பை? எங்கே தங்கப் போகிறீர்கள்? பதில்கள் இடித்தன. பையைப் பிரித்தால் அடியில் ஒன்றரை கிலோ செம்டெக்ஸ்! கால்குலேட்டருக்குள் டைமர்! வைத்தது காதலன், அந்தப் பெண்ணுக்கு எதுவுமே தெரியாது. விமானத்தில் ஏற இருந்தவர்கள் 370-க்கும் மேல்!

நேர்மாறான ஒன்றும் இருக்கிறது. 1985 ஜூன் 22, டொரான்டோ. ஏர் இந்தியா பெட்டிகளைப் பார்க்கும் எக்ஸ்ரே மெஷின் ரிப்பேர். கையில் பிடிக்கும் மோப்பக் கருவியைக் கொடுத்தார்கள். ஒரு பெட்டியருகே அது பீப் அடித்தது. அடித்தால் என்ன செய்வது என்று அங்கே யாருக்கும் தெளிவில்லை. பெட்டி ஏறியது. மறுநாள் அந்த ‘கனிஷ்கா’ விமானம் அயர்லாந்து அருகே நடுவானில் வெடித்தது. இறந்தவர்கள் 329 பேர்.

அமெரிக்காவில் ஆபத்துக்குக் கலர் வைத்தார்கள். பச்சை, நீலம், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. 2002 முதல் 2011 வரை ஒன்பது வருஷத்தில் பச்சையும் நீலமும் ஒரு நாள்கூட எரியவில்லை! பெரும்பாலும் மஞ்சளும் ஆரஞ்சுமாகவே ஓட்டிவிட்டு, கடைசியில் கலரையே ஒழித்துவிட்டார்கள்!

ஒரு சமூகவியல் ஆய்வாளர் கணக்குப் போட்டார். அரசு ஒவ்வொரு முறை எச்சரிக்கை விட்டபோதும் அதிபர் புஷ்ஷின் செல்வாக்கு சராசரியாக 2.75 புள்ளி ஏறியதாம்!

கலர் பலகையைக் கையில் வைத்திருந்த அமைச்சர் டாம் ரிட்ஜ் பின்னாளில் புத்தகமே எழுதினார். 2004 தேர்தலுக்குச் சில நாள் முன்பு கலரை ஏற்றச் சொல்லிச் சக அமைச்சர்கள் அழுத்தினார்கள், இது பாதுகாப்பா அரசியலா என்று தனக்கே சந்தேகம் வந்தது என்றார். கலர் ஏறவில்லை, சந்தேகம் ஊருக்கே ஏறிவிட்டது!

2003 பிப்ரவரியில் ‘ரசாயனத் தாக்குதல் வரலாம், பிளாஸ்டிக் ஷீட்டும் டேப்பும் வாங்கி வையுங்கள்’ என்றது அரசு. வாஷிங்டன் கடைகளில் டேப் காலி!

தீவிரவாதிகள் தாக்கக்கூடிய இடங்கள் என்று அமெரிக்கா ஒரு பட்டியல் போட்டது. 77,069 இடங்கள்! 2006-ல் உள்தணிக்கை பிரித்துப் பார்த்தால் உள்ளே குழந்தைகள் தடவிக் கொஞ்சும் ஆட்டுக்குட்டிப் பண்ணை, பழைய சாமான் சந்தை, கோவேறு கழுதை ஊர்வலம், ஒரு பாப்கார்ன் கம்பெனி! அதிக ஆபத்தான மாநிலம் எது தெரியுமா? நியூயார்க் இல்லை. சோளக்காடு நிறைந்த இண்டியானா! அங்கே மட்டும் 8,591 இடங்கள்!

2007 ஜனவரி 31. பாஸ்டன் நகரமே கதிகலங்கியது. பாலத்துக்கு அடியில் விளக்கு மினுக்கும் மர்மப் பலகைகள்! சாலை மூடல், வெடிகுண்டு நிபுணர்கள், ஹெலிகாப்டர். பலகையில் இருந்தது கார்ட்டூன் பொம்மை! டி.வி. நிகழ்ச்சி விளம்பரம்! அதே பலகைகள் வேறு ஒன்பது நகரங்களில் வாரக்கணக்காகத் தொங்கின, ஒருவரும் பதறவில்லை. டி.வி. கம்பெனிக்குத் தண்டம் 20 லட்சம் டாலர்!

நெல்சன் மண்டேலா அமெரிக்காவின் தீவிரவாதக் கண்காணிப்புப் பட்டியலில் இருந்தார். எதுவரை? 2008 வரை! நோபல் பரிசு வாங்கி 15 வருஷம் ஆன பிறகும்! 90-வது பிறந்த நாளை ஒட்டித்தான் பெயரை எடுத்தார்கள்.

செனட்டர் எட்வர்ட் கென்னடி! அதிபரின் தம்பி! 2004-ல் பட்டியலில் இருந்த யாரோ ஒருவர் பெயரோடு பெயர் ஒத்துப்போனதால் விமான கவுன்டரில் திரும்பத் திரும்ப நிறுத்தப்பட்டார். கென்னடிக்கே அந்தக் கதி என்றால் கந்தசாமிக்கு?

நம்மவர்களை மட்டும் விடுவார்களா? 2009 ஏப்ரலில் டெல்லியில் அமெரிக்க விமானம் ஏறப் போன அப்துல் கலாமைத் தடவிச் சோதித்தார்கள். முன்னாள் குடியரசுத் தலைவருக்குச் சோதனை கூடாது என்று நம் விதியே இருக்கிறது! கலாம் ஒரு வார்த்தை பேசவில்லை. விஷயம் வெளியே வந்ததே மூன்று மாதம் கழித்து, நாடாளுமன்றத்தில்!

2011-ல் நியூயார்க்கில் இன்னும் மோசம். விமானத்துக்குள் உட்கார்ந்துவிட்ட கலாமிடம் வந்து கோட்டையும் ஷூவையும் வாங்கிக்கொண்டு போனார்கள். வெடிமருந்து இருக்கிறதா என்று பார்க்க! ராக்கெட் விட்ட ராமேஸ்வரத்துக்காரரின் ஷூ! அமெரிக்கா மன்னிப்புக் கேட்டது.

2010 டிசம்பரில் மிசிசிப்பியில் நம் தூதர் மீரா சங்கரைத் தனியே ஒதுக்கித் தடவிச் சோதித்தார்கள். நான் தூதர் என்று சொல்லியும் கேட்கவில்லை. குற்றம்? புடவை கட்டியிருந்தார்!

பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஜார்ஜ் பெர்னாண்டஸையே ஆடை களைந்து சோதித்தார்கள், அதுவும் இரண்டு முறை! சொன்னது எதிர்க்கட்சி இல்லை, அமெரிக்காவின் முன்னாள் துணை வெளியுறவு அமைச்சர் ஸ்ட்ரோப் டால்பட், தன் புத்தகத்தில்!

நம்மூர் விமான நிலையங்களில் காக்கிச் சட்டை சி.ஐ.எஸ்.எஃப். வந்தது எப்போது? 1999 டிசம்பரில் காந்தஹாருக்குக் கடத்தப்பட்ட ஐசி 814-க்குப் பிறகு! 2000 பிப்ரவரியில் முதலில் போய் நின்ற ஊர் டெல்லி இல்லை, மும்பை இல்லை, ஜெய்ப்பூர்!

ஹேண்ட் பேக்கில் ஒரு அட்டை, அட்டையில் ஒரு ‘டொக்’ சீல். ஞாபகம் இருக்கிறதா? சீல் இல்லையென்றால் கேட்டிலிருந்து திரும்பி ஓட வேண்டும்! 2017-ல் ஏழு பெரிய விமான நிலையங்களில் எடுத்தார்கள். சீல் போனது, வானம் இடிந்து விழவில்லை!

எண்ணெய்ச் சத்துள்ள தேங்காய் தீப்பிடிக்கும் பொருள், கேபினுக்குள் கூடாது. ஆனால் சாமியே சரணம்! சபரிமலை சீசனில் இருமுடிக்குள் இருக்கும் தேங்காய்க்கு மட்டும் விமானப் பாதுகாப்புத் துறை விலக்கு தருகிறது. 2024 சீசனில் கிடைத்த விலக்கு ஜனவரி 20 வரை. 21-ம் தேதி அதே தேங்காய் மறுபடி ஆபத்து!

2024-ல் நம் விமானங்களுக்கு வந்த வெடிகுண்டு மிரட்டல்கள் நவம்பர் நடுவரைக்கும் கிட்டத்தட்ட ஆயிரம்! முந்தைய வருஷத்தைப் போலப் பல மடங்கு. அத்தனையும் புரளி!

திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற விதி 2006-ல் லண்டனில் ஒரு சதி பிடிபட்டதும் வந்தது. 2020-ல் கொரோனா வந்ததும் சானிடைசருக்கு மட்டும் 350 மில்லி வரை அனுமதித்தது அமெரிக்கா! 14 வருஷம் அபாயமாக இருந்த அளவு ஒரே நாளில் ஆரோக்கியம் ஆனது!

வேர்க்கடலை வெண்ணெய் திரவமா, திடமா? டி.எஸ்.ஏ. தீர்ப்பு: திரவம்! தண்ணீர் பாட்டில் கூடாது. அதையே ஃப்ரீஸரில் வைத்துக் கல்லாக்கிக் கொண்டுபோனால்? தாராளமாக!

2011-ல் லண்டன் கேட்விக்கில் ஒரு பொம்மை ராணுவ வீரன் தடுத்து நிறுத்தப்பட்டான். கையில் துப்பாக்கியாம். துப்பாக்கியின் நீளம் 3 அங்குலம்! ஹீத்ரோவில் 2008-ல் ஒருவர் டி-ஷர்ட்டையே மாற்ற வேண்டி வந்தது. சட்டையில் அச்சடித்த ரோபோ துப்பாக்கி வைத்திருந்தது!

நிஜத் துப்பாக்கி? 2023-ல் அமெரிக்கப் பயணிகளின் கைப்பைகளில் சிக்கியவை 6,737! நூற்றுக்கு 93 துப்பாக்கிகளில் குண்டு லோடு செய்யப்பட்டிருந்தது! கேட்டால் ‘பையில் இருந்ததே மறந்துபோச்சு’!

சூட்கேஸ் பூட்டைத் திறக்க டி.எஸ்.ஏ.விடம் மாஸ்டர் சாவி உண்டு. அந்தச் சாவிகளின் போட்டோ பத்திரிகையில் வந்துவிட்டது! 2015-ல் போட்டோவைப் பார்த்தே யாரோ 3டி பிரின்டரில் சாவி செய்துவிட்டார்கள். செலவு சில்லறைக் காசு, பூட்டோ உலகம் முழுக்க!

விமானத்துக்குள் மாறுவேடத்தில் ஆயுதத்தோடு உட்காரும் ஏர் மார்ஷல்கள் வருஷத்துக்கு எத்தனை பேரைக் கைது செய்கிறார்கள்? 2009-ல் அமெரிக்க எம்.பி. ஜான் டங்கன் கணக்குப் போட்டுச் சபையில் வாசித்தார். சராசரி 4.2 பேர்! ஒரு கைதுக்கு ஆகும் செலவு 20 கோடி டாலர்!

இரட்டைக் கோபுரம் விழுந்த பிறகு பயந்துபோய் விமானத்தை விட்டுக் காரில் போனவர்கள் ஏராளம். ஜெர்மன் உளவியலாளர் கெர்ட் கிகெரன்சர் மதிப்பிட்டார். அடுத்த ஓராண்டில் அதனால் சாலை விபத்தில் கூடுதலாக இறந்தவர்கள் சுமார் 1,500 பேர்! அன்று விமானங்களுக்குள் இறந்தவர்களைப் போல ஆறு மடங்கு!

செப்டம்பர் 11-க்குப் பிறகு பைலட் அறைக் கதவை இரும்புக் கோட்டை ஆக்கினார்கள். சந்தேகக்காரர்கள்கூட மெச்சிய ஏற்பாடு! 2015 மார்ச் 24, ஜெர்மன்விங்ஸ். துணை பைலட் உள்ளே பூட்டிக்கொண்டு விமானத்தை ஆல்ப்ஸ் மலையில் மோதவைத்தார். கேப்டன் வெளியே நின்று கதவை இடித்துக்கொண்டிருந்தார். கதவு தன் வேலையைச் சரியாகச் செய்தது. இறந்தவர்கள் 150 பேர்.

இவ்வளவு கேலி செய்கிறார்களே, மக்கள் இதை வெறுக்கிறார்களா? அங்கேதான் ட்விஸ்ட்! உடம்பை ஊடுருவும் ஸ்கேனர் சரியா என்று 2010 ஜனவரியில் காலப் நிறுவனம் கேட்டபோது ‘சரி’ என்றவர்கள் 78 சதவீதம்! 2012-ல் டி.எஸ்.ஏ. நன்றாகத்தான் வேலை பார்க்கிறது என்றவர்கள் 54 சதவீதம்! திட்டிக்கொண்டே டிரேயைத் தள்ளுகிறார்கள்!

பையிலிருந்து லேப்டாப்பை எடுக்காமல் போக வேண்டுமா? பணம் கட்டுங்கள்! டி.எஸ்.ஏ.வின் ‘ப்ரீசெக்’ திட்டத்தில் சேர்ந்தவர்கள் 2 கோடிக்கும் மேல்!

அவசரத்தில் டிரேயில் சில்லறையை விட்டுவிட்டு ஓடுகிறீர்களா? அமெரிக்காவில் அதை டி.எஸ்.ஏ.வே எடுத்துக்கொள்ளலாம், சட்டமே இருக்கிறது! 2019 நிதியாண்டில் சேர்ந்த தொகை 9,26,030 டாலர், 44 சென்ட். அந்த 44 சென்ட்டையும் விடாமல் எண்ணியிருக்கிறார்கள்!